விற்கிற வண்டிக்கு என்ன ஆயில்

புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
மூன்றாவது கடை, மசூது ஸ்பேர்ஸ்.
சாரலுக்குப் பலகையடியில் ஒதுங்கி நிற்கிறேன்.
வெள்ளிக்கிழமை வண்டி கைமாறுகிறது.
புனலூர்க்காரர் ரெஜி, முன்பணம் ஐம்பதாயிரம்.
அதில் பாதி தவணைக்குப் போயும் ஆயிற்று.
ஆயில் மாற்றுகிற கெடுவும்
சரியாக இப்போதுதான் வந்து நிற்கிறது.

“விக்கிற வண்டிக்கு இருவது ஐம்பது ஊத்தும்வே” என்கிறான் மசூது.
“கெட்டி ஆயிலு. டிக்டிக் சத்தம் அமுங்கிரும்.
புகையும் ஒரு வாரம் வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கும்.
பொறவு அவம்பாடு, எஞ்சின்பாடு.”

பத்துச் சக்கரம். ஒன்பது லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
மீட்டர் செத்துக் கிடந்த எட்டு மாதத்தையும் சேர்த்தால்
பத்தைத் தொட்டிருக்கும்.
தென்காசி ஜல்லியோடு எஸ் வளைவில்
இரண்டாம் கியரில் முனகி ஏறி
வெறும் பெட்டி குலுங்க இறங்கின வண்டி.
ஹெட்டைத் திறந்தது ஒரே தடவை,
அதுவும் கேஸ்கட்டுக்கு.

ரகசியம் ஒன்றும் இல்லை.
காலையில் சாவி திருப்பியதும்
சிவப்பு விளக்கு அணைகிறவரை எண்ணுவேன்.
பதினைந்து நாற்பது என்றால் மூன்றுக்குள் அணைந்துவிடும்.
கெட்டியானது ஆறு, ஏழு என்று இழுக்கும்.
ஆனிச் சாரலில் எட்டு.
அந்த எட்டு எண்ணுகிறவரை
மேலே கேம்ஷாஃப்ட் வெறும் வாயை மென்றுகொண்டிருக்கும்.
மலையேறித் தேய்வதைவிட
நின்ற இடத்தில் தேய்வதுதான் அதிகம்.
எங்கும் படித்ததில்லை,
எண்ணிக் கண்டது.

ஒரே ஒரு ஆடியில், கடன் கழுத்தை நெரித்தபோது,
மலிவு கேன் வாங்கி ஊற்றியிருக்கிறேன்.
மூடியில் சீல் இருந்தது.
சீலுக்குக் கீழே
வேறெந்த லாரியோ கழித்துவிட்ட போன வருஷம்
வடிகட்டிக் கிடந்தது.
டர்போ போயிற்று. அறுபதாயிரம்.

மசூது இரண்டு கேனையும் மேசையில் வைக்கிறான்.
வித்தியாசம் ஆயிரத்து நூறு.
நல்லவன் என்றெல்லாம் இல்லை.
அந்த ஆயிரத்து நூறை மனதுக்குள்
இரண்டு தடவை செலவழித்துவிட்டேன்.
ஆனால் வெள்ளிக்கு முன்னால் இன்னும் இரண்டு லோடு இருக்கிறது.
இரண்டு காலையும் எட்டுவரை எண்ண
என் காது ஒப்பாது.
“பதினஞ்சு நாப்பதே குடு, சிஐ நாலு.”
“பொழைக்கத் தெரியாத ஆளுவே நீரு” என்று
பில்லில் ஐம்பது ரூபாய் குறைத்தான்.

ரெஜி வந்தார். கையோடு ஒரு துணி.
டிப்ஸ்டிக்கை உருவினார், விரலிடையில் தேய்த்தார், முகர்ந்தார்.
எடைச்சீட்டின் பின்பக்கம் ஒரு சொட்டு வைத்தார்.
அது ஊறிப் பரவும்வரை
இருவரும் டீ குடித்தோம்.
நடுவில் புகைநிறம், சுற்றிப் பழுப்பு,
ஓரத்தில் சுத்தமான மஞ்சள்.
சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்,
ஏதோ சாட்சி வாங்கின மாதிரி.

அப்புறம் வண்டியை முடுக்கினார்.
டிக், டிக், டிக்.
“டாப்பெட் சத்தம் உண்டல்லோ?”
“உண்டு.”
எட்டாயிரம் குறைந்தது.
மசூது வானத்தைப் பார்த்தான்.

கையெழுத்தெல்லாம் முடிந்தபின் கேட்டார், ஏது ஓயில் என்று.
சொன்னேன்.
அதே கேன் ஒன்று வாங்கி சீட்டுக்கடியில் தள்ளினார்.
“ஞான் விக்கும்போள் கட்டி ஓயில் ஒழிக்கும், கேட்டோ.”
சிரித்தார். நானும் சிரித்தேன்.
மலைக்கு அந்தப் பக்கம்
ஊற்றுவதற்குப் பெயர் ஒழிப்பது.
இந்தப் பக்கத்துக் காதுக்கு அது வேறு மாதிரி விழுந்தது.

சாவி திருப்பினார்.
விளக்கு வெளியிலிருந்து தெரியாது.
ஆனாலும் எண்ணினேன்.